தார் ஷாம்புவும் மெஷின் எண்ணெய்க் குப்பியும்

கறுப்பு பேண்ட் பிட். கட்டிங் டேபிளில் விரித்து, சாக்பீஸால் கோடு போட்டபடி குனிந்திருந்தேன். துணி கொடுத்த பையன் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தான். "அண்ணே, சாக்பீஸ் தூள் ரொம்பக் கொட்டுது" என்று சொல்லிக் கையால் தட்டிவிட்டான். நானும் "ஆமாப்பா, இப்ப வர்ற சாக்பீஸ் எல்லாம் மட்டம்" என்றேன். அது சாக்பீஸ் இல்லை, என் தலையிலிருந்து உதிர்ந்த செதில். அன்றிலிருந்து ஐந்து மாதம் கறுப்பு, கருநீலம் எதுவும் கைநீட்டி வாங்கவில்லை. "கையில நிறைய வேலை கிடக்கு, அடுத்த தெருவில கொடுங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். பேண்ட் தைக்கிறவன் கறுப்பு வேண்டாம் என்றால் பாதி வருமானம் போச்சு என்று அர்த்தம்.

திண்டுக்கல்லில் இருபத்தாறு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு சோரியாசிஸ் இருக்கிறது, தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் வியாதி. கூடவே அதோடு வரும் மூட்டுவாதமும். தலைக்காக நான் வாங்கிப் பார்த்த பொருட்களைப் பற்றித்தான் எழுதுகிறேன், முக்கியமாகத் தார் ஷாம்புவைப் பற்றி. கம்பெனிப் பெயர் சொல்லப் போவதில்லை. ஏறக்குறைய ஒரே சரக்கைப் பல கம்பெனிகள் விற்கின்றன. பாட்டிலின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்கத் தெரிந்தால் போதும்.

முதல் இரண்டு வருடம் பொடுகு என்றே நினைத்திருந்தேன். சாஷே ஷாம்பு எத்தனை கிழித்திருப்பேன் என்று கணக்கில்லை. பிறகு மெடிக்கலில் கேட்டுக் கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பு வாங்கினேன். அது பூஞ்சைக்கான மருந்து. பொடுகு உள்ளவர்களுக்கு நல்ல சாமான்தான், என் தங்கை மகனுக்கு இரண்டே வாரத்தில் கேட்டது. எனக்கு அரிப்பு லேசாகக் குறைந்தது, செதில் குறையவில்லை. பொடுகென்றால் எண்ணெய்ப் பசையோடு மஞ்சளாக உதிரும். எனக்கு உதிர்ந்தது வெள்ளியைச் சீவி எடுத்தது போல, காய்ந்து, தடிப்பாக. காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் முடி முடியும் இடத்தைத் தாண்டி நெற்றிக்கு இறங்கியும் இருந்தது. இந்த வித்தியாசத்தை அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் ஒன்றரை வருடம் மிச்சமாகியிருக்கும்.

அரிப்பு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். வலி வேறு மாதிரி. சீப்பு பட்டால் வேரோடு பிடுங்குவது போல இருக்கும். தலையணையில் இந்தப் பக்கம் படுத்தால் ஒரு வலி, திரும்பினால் இன்னொரு வலி. சொறிந்தால் ஒரு நிமிடம் சொர்க்கம், அப்புறம் நகத்தில் ரத்தம். செதிலைப் பிய்த்தால் அடியில் ஊசி குத்தியது போலப் புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும். இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, கைக்கு வேலை கொடுத்தால் தலைக்குப் போகாது என்று காஜா எடுத்த நாட்கள் உண்டு.

அந்தக் கையும்தான் பிறகு மக்கர் செய்தது. வலது ஆள்காட்டி விரல் முழுக்க வீங்கி மடக்க முடியாமல் போனது. கத்தரி பிடித்துப் பிடித்து வந்த வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அரசு மருத்துவமனைக்குப் போனேன். தோல் பிரிவில் இருந்த டாக்டரம்மா தலையைப் பார்ப்பதற்கு முன்னால் என் நகத்தைப் பார்த்தார். ஊசி குத்தாமல் இருக்க விரலில் மாட்டுவோமே அங்குஸ்தான், அதன் மேல் உள்ள குழி மாதிரியே என் நகம் முழுக்கக் குழி. இருபத்தாறு வருடம் அங்குஸ்தான் மாட்டியவனுக்கு அது தெரியவில்லை. "விரலும் தலையும் ஒரே வியாதிதாங்க" என்றார். சோரியாசிஸ் உள்ள பத்துப் பேரில் மூன்று பேர் வரைக்கும் மூட்டு பாதிக்கலாம் என்றும் சொன்னார்.

என் மகள் பி.ஃபார்ம் படிக்கிறாள். அவளிடம் கேட்டதில் பாதி புரிந்தது. தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகுமாம். சோரியாசிஸ் உள்ள இடத்தில் அதே வேலை சில நாட்களில் முடிந்துவிடுகிறதாம். உடம்பின் எதிர்ப்பு சக்தி தப்பாகப் புரிந்துகொண்டு அவசரப்படுத்துகிறது. எனக்குத் தீபாவளி வாரம்தான் நினைவுக்கு வந்தது. பத்து நாள் வேலையை இரண்டு நாளில் முடி என்றால், காஜா எடுக்காமல், பிசிறு வெட்டாமல்தான் சட்டை வெளியே போகும். என் தலையில் எப்போதும் தீபாவளி வாரம்.

மூட்டுக்கு மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார்கள். வாரத்தில் ஒரே ஒரு நாள், எனக்கு ஞாயிறு. இதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும்: அந்த மாத்திரையைத் தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. காலண்டரில் ஞாயிற்றுக்கிழமைகளைச் சிவப்புப் பேனாவால் சுழித்து வைத்திருக்கிறேன். மற்ற நாளில் ஃபோலிக் அமிலம், குறிப்பிட்ட இடைவெளியில் ரத்தப் பரிசோதனை. திங்கட்கிழமை குமட்டலும் அசதியுமாக இருக்கும், கடையை மதியம்தான் திறப்பேன். விரல் வீக்கம் வடிய மூன்று மாதம் ஆனது. தலைக்குத் தனியாக எழுதிக் கொடுத்ததுதான் தார் ஷாம்பு.

என் பாட்டிலில் எழுதியிருப்பது கோல் தார் 1 சதவீதம், சாலிசிலிக் அமிலம் 3 சதவீதம். 100 மில்லி 300 ரூபாய்க்கு மேல் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு முறை என்று வைத்தால் ஐந்து வாரம் வரும். சாலிசிலிக் அமிலம் செதிலை இளக்கிக் கழற்றுகிறது. தார், செல்கள் அவசரமாகப் பெருகுவதை மட்டுப்படுத்தி அரிப்பையும் தணிக்கிறது. நிலக்கரியிலிருந்து எடுக்கும் தார்தான், ரொம்பப் பழைய மருந்து. 1925இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கோக்கர்மன் என்ற டாக்டர் தாரைப் பூசிப் புறஊதா ஒளி காட்டும் வைத்தியத்தை எழுதி வைத்தார் என்று மகள் படித்துச் சொன்னாள். நூறு வருடமாக ஓடும் சரக்கு என்றதும் எனக்கு நம்பிக்கை வந்தது. என் மெஷினும் அப்பா காலத்து இரும்புதான்.

முதல் குளியல் நாசமாகப் போனது. மற்ற ஷாம்பு போலத் தேய்த்தேன், நுரைத்தது, அலசிவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை, நாற்றம் மட்டும் ஒட்டிக்கொண்டது. "ஏங்க, வீட்டுக்குள்ள ரோடு போடுறீங்களா?" என்றாள் வீட்டுக்காரி. மூன்று வாரம் இப்படியே வீணடித்துவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். எப்படிப் போடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டார். "முடிக்கு இல்லீங்க, தோலுக்கு. போட்டுட்டுப் பத்து நிமிஷம் சும்மா உட்காருங்க." பாட்டிலில் அதையும் எழுதத்தான் செய்திருக்கிறார்கள், பூச்சி எழுத்தில். நாற்பத்தெட்டு வயதுக் கண்ணுக்கு ஊசியில் நூல் கோர்ப்பதே பெரும்பாடு.

அப்புறம் மாற்றிக்கொண்டேன். இரவே செதில் தடித்த இடத்தில் தேங்காய் எண்ணெய் ஊற வைக்கவேண்டும். ஊறாமல் காய்ந்திருக்கும் செதிலின் மேல் ஷாம்பு போட்டால் ஓட்டின் மேல் தண்ணீர் ஊற்றிய கதைதான், உள்ளே இறங்காது. காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் தலையை நனைத்து, முடியை வகிடு வகிடாகப் பிரித்து ஷாம்புவைத் தோலில் விட்டு, விரல் நுனியால் மெதுவாகப் பரப்பவேண்டும். நகம் படக்கூடாது. பிறகு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து போனில் இரண்டு பாட்டு ஓடவிடுவேன், அதுதான் என் கடிகாரம். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அப்போதைக்கு அரிப்புக்கு இதமாக இருக்கும், அரைமணி கழித்து வட்டியோடு திரும்பி வரும்.

இங்கேதான் விரல் பிரச்சினை. வீங்கிய விரலை வைத்துக்கொண்டு வகிடு பிரிப்பது, பாட்டிலை அழுத்துவது, பிடரிக்குக் கையைத் தூக்குவது எல்லாமே கஷ்டம். தலைக்கு மருந்து செய்கிறவர்கள் கை நன்றாக இருக்கிறவனுக்காகத்தான் செய்கிறார்கள். என் பாட்டிலின் மூடியோ வாய் அகலம். கவிழ்த்தால் உள்ளங்கையில் ஒரு குளம், அதில் பாதி முடியோடு போய்விடும். ஒரு நாள் மெஷினுக்கு எண்ணெய் விடும்போது பொறி தட்டியது. நீள மூக்கு வைத்த பிளாஸ்டிக் குப்பி, லேசாக அமுக்கினால் ஒரு சொட்டு, பாபின் சந்துக்குள்ளேயே இறங்கும். புதிதாக இரண்டு வாங்கி, கழுவிக் காயவைத்து, ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் எண்ணெய். அடையாளத்துக்கு ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல். மூக்கை வகிட்டில் வைத்து இழுத்துக்கொண்டே போனால் தோலில் நேராகக் கோடு விழுகிறது, சாக்பீஸ் போட்டது மாதிரி. இந்த விமர்சனத்தில் நூற்றுக்கு நூறு வாங்கும் ஒரே பொருள் அந்தக் குப்பிதான். விலை ஒரு டீ, வடைக்கு மேல் இராது. பின்பக்கம் மட்டும் வீட்டுக்காரி விட்டுவிடுவாள். "துணிக்குக் கோடு போடுறதும் இதுவும் ஒண்ணுதாங்க, ஆடாம இருங்க" என்பாள்.

இப்படிச் செய்ய ஆரம்பித்து மூன்றாவது வாரம் செதில் மெலிந்தது. ஆறாவது வாரம் இரவில் எழுந்திருப்பது நின்றது. நெற்றி ஓரத்தில் இருந்த பட்டை போய் வெறும் சிவப்பு மட்டும் மிச்சம். மாத்திரையும் அந்த நேரம் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது, அதனால் எல்லாப் பெருமையையும் ஷாம்புவுக்குக் கொடுக்க முடியாது. ஆனால் இடையில் ஒரு பத்து நாள், மச்சினன் மகள் கல்யாண அலைச்சலில், ஷாம்புவை விட்டபோது அரிப்பு திரும்பியது. மாத்திரையை விடவில்லை. அதனால் இதற்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. சொறிந்து புண்ணான இடத்தில் பட்டால் கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு எரியும். தலை கிழிந்திருக்கும் நாட்களில் இதைத் தொடாதீர்கள், நான் தொட்டுப் பட்டிருக்கிறேன். முடி சணல் கயிறு மாதிரி ஆகும். மிருதுவான சாதா ஷாம்புவால் ஒருமுறை அலசினால் கொஞ்சம் தேவலை. எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு, அதில் தார் சரியாக நுரைக்காது, அலசினாலும் பிசுக்கு நிற்கிறது. தலைக்கு மட்டும் இரண்டு சொம்பு நல்ல தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்கிறேன். நரைமுடி லேசாகப் பழுத்தது போல ஆகிறது. தார் போட்ட தோல் வெயிலுக்கு சீக்கிரம் சிவக்கும் என்றும் எச்சரித்தார்கள், அதனால் குளித்த நாளில் தொப்பி இல்லாமல் வெளியே போவதில்லை. நாற்றம் இரண்டு மணிநேரத்தில் அடங்கிவிடும். கடைக்கு வரும் யாரும் இதுவரை கேட்கவில்லை, அல்லது கேட்கக்கூடாது என்று விட்டிருக்கிறார்கள். நூற்றுக்கு அறுபத்தைந்து மார்க் போடுவேன். அந்த வாய் அகன்ற மூடிக்காகவே பத்து மார்க் குறைத்திருக்கிறேன்.

தார் ஷாம்புவுக்கு முன்னால் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மெடிக்கலில் சீட்டு இல்லாமலே க்ளோபெட்டாசால் 0.05 சதவீத லோஷன் கொடுத்தார்கள். போட்ட நான்காவது நாள் தலை பளிங்கு. சொல்லப்போனால் நான் வாங்கியதிலேயே மிக வேகமாக வேலை செய்த பொருள் அதுதான். இது தெய்வ மருந்து என்று இரண்டு மாதம் விடாமல் போட்டேன். அது மிகவும் வீரியமான ஸ்டீராய்டு. தொடர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் போடக்கூடாது என்பது எனக்கும் தெரியாது, கொடுத்தவரும் சொல்லவில்லை. தோல் மெலிந்து, தொட்டால் எரிந்தது. நிறுத்திய பத்தாம் நாள் முன்பைவிட இரண்டு மடங்காக ஏறி வந்தது. இப்போதும் என்னிடம் அந்த லோஷன் இருக்கிறது. ஆனால் டாக்டரம்மா சொல்லும் வாரங்களில் மட்டும், சொல்லும் இடத்தில் மட்டும், குப்பி மூக்கால் சொட்டுச் சொட்டாக. மருந்தைக் குறை சொல்ல மாட்டேன். கத்தரி கூர்மையாக இருப்பது கத்தரியின் குற்றமில்லை.

வெட்பாலைத் தைலம் பற்றிக் கேட்காத ஆளில்லை. காளாஞ்சகப் படை என்று சித்த வைத்தியத்தில் சொல்வது இதைத்தான், அதற்கு வெட்பாலை பேர்போனது. மாமியார் ஊரிலிருந்து இலை கொண்டுவந்து, இரும்பு படாமல் கையாலேயே கிள்ளி, தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தார். ஒரு வாரத்தில் எண்ணெய் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. பார்க்கவே அழகு. தலையில் தேய்த்தால் குளுகுளுவென்று இருக்கிறது, செதில் நன்றாக ஊறுகிறது, எரிச்சல் இல்லை. மூட்டுக்கு இதனால் ஒன்றும் ஆகவில்லை, மாமியாரும் அப்படிச் சொல்லவில்லை. டாக்டரம்மாவிடம் காட்டினேன். தலைக்கு மேலே பூசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மாத்திரையை விடாதீர்கள் என்றார். இப்போது இரவு ஊற வைப்பது இந்தத் தைலத்தைத்தான். ஒரே தொல்லை, ஊதாக் கறை. தலையணை உறை, காலர் எல்லாம் ஊதா. இந்த எண்ணெய் தேய்த்த கையோடு துணியைத் தொட்டால் தொழிலே போய்விடும், அதனால் கடை அடைத்த பிறகுதான்.

எலுமிச்சைச் சாற்றை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எதிர்வீட்டு அக்கா பாசத்தோடு பிழிந்து கொடுத்தார். வெடித்த தலையில் தேய்த்துவிட்டு நான் குதித்த குதியில் நாய் ஓடிவிட்டது. வெங்காயச் சாறும் அதே ரகம். பழனிக்கு மொட்டை போடு, சரியாகிவிடும் என்றார் என் பெரியப்பா. போட்டேன், முருகனுக்காக. வியாதி போகவில்லை, அது முடியில் இல்லை, தோலில். ஆனால் ஒரு மாதத்துக்கு மருந்து போடுவது ரொம்ப சுலபமாக இருந்தது. அந்த வகையில் பெரியப்பா சொன்னது முழுக்கத் தப்பும் இல்லை. மழிக்கும்போது கத்தி பட்டுக் கீறிய இடத்தில் மட்டும் புதிதாக ஒரு படை வந்தது. கீறலும் உரசலும் பட்ட இடத்தில் இது முளைக்கும், கோப்னர் விளைவு என்று பெயர். சொறியாதே சொறியாதே என்று ஏன் தலைபாடாக அடித்துக்கொள்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது.

முடி வெட்டுவது இன்னொரு கதை. ஒரு சலூனில் துண்டைப் போர்த்திவிட்டு, தலையைப் பார்த்ததும் "அண்ணே, சீப்பு நீங்களே கொண்டு வந்துடுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். இது ஒட்டாது என்று சொன்னேன், நம்பவில்லை. என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன் ஒருத்தன் சலூன் வைத்திருக்கிறான், இப்போது அவனிடம்தான். மிஷினைத் தோலில் அழுத்தாமல் ஒரு நூல் மேலே பிடித்து வெட்டுவான். "நீ எனக்கு இடுப்பைப் பிடிக்காம தைக்கிறேல்ல, அதே மாதிரிதான்" என்றான்.

கடைசியாக, காசில்லாமல் நானே செய்துகொண்டவை. மீந்த சாட்டின் லைனிங்கில் தலையணை உறை நான்கு. பருத்தி சொரசொரவென்று இழுக்கும், சாட்டினில் தலை வழுக்கிக்கொண்டு போகிறது. ஹெல்மெட்டுக்குள் வேர்த்தால் அரிப்பு உச்சத்துக்குப் போகும். அதற்குப் பழைய மல் வேட்டியில் தையல் வெளியே இருக்கும்படி மெல்லிய தொப்பிகள் தைத்திருக்கிறேன். வேர்வையை உறிஞ்சிக்கொள்ளும், தினமும் துவைத்துவிடலாம். தொப்பியின் உள்பக்கம் மடிப்பு இருக்கக்கூடாது, அந்த ஒரு மடிப்பே நாள்முழுக்க உறுத்தும். நடுராத்திரியில் அரித்தால் இப்போது சொறிவதில்லை. ஈரத்துணியைப் பிழிந்து வைத்து, விரல் நுனியால் தட்டுகிறேன், தபேலா வாசிப்பது போல. வீட்டுக்காரி தூக்கத்தில் தாளம் சரியில்லை என்கிறாள்.

போன வாரம் கறுப்பு பேண்ட் பிட் இரண்டு வாங்கினேன். குளித்த மறுநாள் மட்டும் வெட்டுவது என்று வைத்திருக்கிறேன். இன்னும் சில நாள் கொட்டத்தான் செய்கிறது.

இந்த ஷாம்புவை வாங்குகிறவர்கள் ஒன்று செய்யுங்கள், கடையிலேயே பாட்டிலைக் கவிழ்த்து மூடி கசிகிறதா என்று பார்த்துவிடுங்கள். எனக்கு வந்த நான்கில் ஒன்று கசிந்தது. பைக்கில் மாட்டிய பையில், வாடிக்கையாளர் கொடுத்த வெள்ளைச் சட்டைத் துணியின் மேல். எத்தனை முறை சோப்புப் போட்டும் பழுப்பு போகவில்லை. அதே ரகத்தில் இரண்டரை மீட்டர் என் காசில் வாங்கிச் சட்டை தைத்துக் கொடுத்தேன், அவருக்கு இன்றுவரை தெரியாது. கறை பட்ட துணி இப்போது ஹெல்மெட்டுக்குள் ஐந்தாவது தொப்பி.